புள்ளிக் கோலமும் மூலக்கூறு ஓடுகளும்

திருவண்ணாமலையின் மாட வீதிகளில் மார்கழி விடியலில் இடப்படும் சிக்குக் கோலத்தில், புள்ளி ஒவ்வொன்றையும் நடுவில் கொண்ட சிறு சதுரத்தை ஓர் ஓடாகப் பாவித்து, அண்டை ஓடுகளின் ஓரங்களில் இழை முறியாமல் சேரவேண்டும் என்ற ஒரே நியதியால் கோலம் முழுவதையும் விளக்கிவிடலாம் என்பது கணித சாஸ்திரிகளுக்குப் பிரியமான பார்வை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு அண்டையது; சிறு வடிவைப் பெரிதாக வளர்க்கும் விதிகளால் அவர்கள் கோலத்துக்கு இலக்கணம் கண்டார்கள். வீட்டுப் பெண்களின் கைவேலையைக் கணினி விஞ்ஞானத்தின் ஆராய்ச்சிப் பொருளாக்கிய அந்தத் துணிவுக்கே தனி மதிப்புண்டு.

ஓட்டுப் பார்வை மூலக்கூறு உலகிலும் பலித்தது. நான்கு ஒட்டுமுனைகள் கொண்ட டி.என்.ஏ. ஓடுகள், எவரும் அடுக்காமலே கரைசலில் தாமே பொருந்தி வளரும் என்பதையும், தக்க ஓடுகளைத் தேர்ந்தால் அவ்வளர்ச்சி கணினி செய்யும் எந்தக் கணக்கையும் செய்யவல்லது என்பதையும் எரிக் வின்ஃப்ரீ 1998-இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார்.

ஆயினும் கோலத்தின் ஜீவாதாரமான ஓர் அம்சம் இப்பார்வைக்கு எளிதில் அகப்படுவதில்லை. வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை வைத்து, அண்டைப் புள்ளிகளின் நடுவிலெல்லாம் இழை குறுக்கிட்டு ஓடும்படி வரைந்தால் கோலம் ஒற்றை இழையில் முடிகிறது. வரிசைகளையும் 4 ஆக்கினாலோ, அதே வகை ஓடுகள், அதே நியதி, ஆனால் தனித்தனியாக 4 இழைகள். இழைகளின் எண்ணிக்கை இரு பக்க எண்களின் மீப்பெரு பொது வகுத்தியாகும். அதை எந்த ஓட்டின் ஓரத்திலும் காணமுடியாது. ஓடு தன் அண்டை வீட்டை மட்டுமே அறியும். கோலமிடுபவளோ இழை எங்கே திரும்பி வரும் என்பதை முன்பே அறிந்து மாவை எடுக்கிறாள்.

ஓடுகளுக்கே எண்ணக் கற்பிக்கலாமே என்று வின்ஃப்ரீயின் பக்கத்தார் கேட்பர், நியாயமே. ஆனால் அதற்கு ஓட்டின் வகைகள் பெருகவேண்டும், வகை பெருகப் பெருகப் பிழைக்கும் இடம் பெருகும். 2004-இல் சியர்பின்ஸ்கி முக்கோணத்தை டி.என்.ஏ. ஓடுகளால் வளர்த்த சோதனையில் நூற்றுக்கு 1 முதல் 10 வரை ஓடுகள் தவறாகப் பொருந்தின. ஒற்றை இழைக் கோலத்தில் ஒரேயொரு குறுக்கீடு தவறினாலும் இழை இரண்டாகப் பிரிந்துவிடலாம். ஒவ்வோர் ஓட்டுக்கும் பதிலாக ஓட்டுக்கூட்டம் ஒன்றை வைத்துப் பிழையைக் குறைக்கும் உபாயம் உண்டு. அதுவும் வகைகளைப் பெருக்கியே பிழையைக் குறைப்பது என்பது விசித்திரம்.

பிற்காலத்தில் கம்பிக் கோலங்கள் எனப்படும் இவ்விழைக் கோலங்களை ஆராய்ந்தபோது சிரோமணி தம்பதியர் முன்செல்லுதல், வலம் திரும்புதல், இடம் திரும்புதல் எனக் கையின் அசைவுகளையே குறியீடுகளாகக் கொண்டது, என் அபிப்பிராயத்தில், வரைபவளுக்கு இன்னும் அணுக்கமான வழி. இதில் இழை ஒன்றே என்பது தொடக்கத்திலேயே நிச்சயம். எல்லாப் புள்ளிகளும் சுற்றப்பட்டனவா என்பதைத்தான் பிறகு தனியே சோதிக்கவேண்டும்.