பதம் தப்பாத பாகு

அரவைப் பருவம் வந்துவிட்டால் மூங்கில்துறைப்பட்டுச் சாலையில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையால் பெயர்பெற்ற ஊர் இது. பாகுக்குப் பதம்தான் உயிர் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்சம் முந்தினால் நீர்த்துவிடும், கொஞ்சம் பிந்தினால் கருகிவிடும். பெண்ணைப் பெண் நேசிக்கும் கதையைத் திரையில் சொல்வதும் அப்படிப்பட்ட வேலைதான். அந்தப் பதத்தைக் கைவிடாத இரண்டு படங்களை எனக்குத் தெரியும். ஒன்று அரபு மொழியில், மற்றொன்று நம் தமிழில்.

லெபனான் இயக்குநர் நதீன் லபாக்கியின் 'சுக்கர் பனாத்' 2007இல் வந்தது. வெளிநாடுகளில் அதன் பெயர் 'கேரமல்'. பெய்ரூத் நகரத்து அழகு நிலையம் ஒன்றில் நடக்கும் கதை. சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர் மூன்றையும் காய்ச்சிய பாகால் அங்கே உடல் ரோமம் நீக்குகிறார்கள். அந்த நிலையத்தில் தலை அலசிவிடும் ரீமாவின் மனம் பெண்கள் பக்கம் சாய்வது. இதைப் படம் முழுக்க ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ரீமாவும் சொல்வதில்லை.

ஒருநாள் நீண்ட கருங்கூந்தலோடு ஒரு பெண் வருகிறாள். தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்கிறாள். தண்ணீர் ஓடுகிறது, ரீமாவின் விரல்கள் கூந்தலுக்குள் போகின்றன. வந்தவளின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு அரும்புகிறது. காட்சி இவ்வளவுதான். பிறகு அவள் மறுபடியும் வருகிறாள், அதன்பிறகும் வருகிறாள். தலை அலசுவதற்கா, அந்த விரல்களுக்கா என்று நாமாகத்தான் உணர வேண்டும்.

லபாக்கியின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பெண்ணின் தலையை இன்னொரு பெண் தொடுவதை எந்த ஊரும் தடுத்ததில்லை. நம் திண்ணைகளில் எண்ணெய் தேய்த்துவிட்டார்கள், பேன் பார்த்தார்கள், சடை பின்னிப் பூ வைத்துவிட்டார்கள். எல்லோர் கண்ணெதிரிலும் நடக்கிற தொடுகையை எடுத்து, அதற்குள் யாருக்கும் தெரியாத ஒரு காதலை வைக்கிறார் இயக்குநர். கடைசியில் அந்தப் பெண் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டு வெளியே வருகிறாள். கடைக் கண்ணாடியில் தன்னையே பார்த்து மலர்கிறாள். அவள் அடைந்த விடுதலையைச் சொல்ல அதற்குமேல் ஒரு வசனம் தேவைப்படவில்லை.

திரைக்கு வெளியே, அரபு எழுத்து இன்னும் கசப்பான இடத்துக்கும் போயிருக்கிறது. சிரியாவின் ஸமர் யஸ்பெக் 2008இல் வெளியிட்ட நாவலில் டமாஸ்கஸின் செல்வச் சீமாட்டியும் அவள் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் நெருங்குகிறார்கள். அங்கே ஆசையோடு அதிகாரமும் படுக்கையைப் பங்குபோடுகிறது.

தமிழில் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'காதல் என்பது பொதுவுடைமை' 2023இல் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமாவில் இடம்பெற்று, 2025 பிப்ரவரி 14 அன்று திரையரங்குகளுக்கு வந்தது. மகள் (லிஜோமோள் ஜோஸ்) தனக்கொரு காதல் இருப்பதாக அம்மாவிடம் சொல்கிறாள். முற்போக்கான அம்மா (ரோகிணி) மகிழ்ந்துபோய் விருந்துக்கு அழைக்கச் சொல்கிறாள். வீட்டுக்கு ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் வருகிறார்கள். அம்மாவின் கண் தானாக அந்த இளைஞனிடம் போகிறது. மகளின் காதலி அந்தப் பெண் (அனுஷா பிரபு).

அந்த ஒரு பார்வையை நான் பெரிதும் ரசிக்கிறேன். சாதி பார்க்காத, மதம் பார்க்காத அம்மாவுக்கும் மருமகன் ஆணாகத்தான் இருப்பான் என்பதில் சந்தேகமே எழவில்லை. பழமையில் ஊறிய ஒருத்தியை எதிரே நிறுத்தியிருந்தால் கதை எளிதாகியிருக்கும், நாமும் அவளைத் திட்டிவிட்டு எழுந்து போயிருப்போம். நல்ல அம்மாவை நிறுத்தியதால் தப்பிக்க வழியில்லை. அந்தத் தடுமாற்றம் நம்முடையதாகிவிடுகிறது.

அந்தத் தடுமாற்றத்தை ஒப்புக்கொள்ளும் நேர்மையை நீதிமன்றத்திலும் கண்டோம். மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பெண்ணுக்குப் பெண்மேல் வரும் காதல் தனக்கு முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தார்.

பெய்ரூத்தில் தலை அலசும் தொட்டி, தமிழ்நாட்டில் விருந்துச் சாப்பாடு. இரண்டு இயக்குநர்களும் நமக்கு நன்கு பழகிய இடத்திலேயே இந்தக் காதலை வைத்தார்கள். சாவும் சாபமும் இல்லாமல் இதைச் சொல்ல முடியும் என்று காட்டியதே இவர்களின் பெரிய சாதனை. இரண்டு படங்களையும் பாருங்கள். முடிந்தால் உங்கள் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.