திருச்சி அறிக்கையும் வருண ஏணியும்

பாரிசில் நெப்போலியன் முதற் கான்சலாய் வீற்றிருந்த 1801ஆம் ஆண்டு. சூன் 16இல் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கக் கோவில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. விடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது.

அவ்வறிக்கை வெள்ளையனை மட்டுமா குற்றவாளியாக்குகிறது? இல்லை. ஒற்றுமையின்றி ஒருவரையொருவர் பழித்து நாட்டைப் பறிகொடுத்த நம்மவரையும் கூண்டிலேற்றுகிறது. அந்தத் துணிவே அதன் தனிச் சிறப்பு. பார்ப்பனர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் அனைவரையும் போருக்கு அழைக்கிறது. இசுலாமியர் மிகுந்து வாழும் எம் புதுமடத்தில் இவ்வரியைப் படிக்கையில் நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால், அழைத்த வரிசையைப் பாருங்கள்! மனு நாட்டிய அதே ஏணி. நான்கு படிக்கும் கீழே தள்ளப்பட்டோர்க்கு அதில் பெயரே இல்லை. பிளவால் நாடு போயிற்று என்றவர், பிளவின் பெயராலேயே மக்களை விளிக்கிறார்.

இப்படிக் கூறுவது நன்றி மறத்தலா? அன்று. அக்டோபரில் காளையார்கோவில் வீழ்ந்தது; 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது உடன்பிறந்தார் தூக்கிலிடப்பட்டனர். உயிரை ஈந்தவர் எழுத்தை ஆராய்ந்து படிப்பதே அவர்க்கு நாம் செய்யும் சிறப்பு. மாலை சூட்டி மறப்பதன்று.

ஒற்றுமைக் குரலை ஏந்துவோம், ஏணியை எரிப்போம்!