ஒரே எலும்பில் இரண்டு ஸ்வரம்

'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் 1997-ல் வந்த ஓர் எபிசோடில் ரசிகர் ஒருவர் கேள்வி கேட்பார். தொடருக்குள் ஓடும் 'இட்சி அண்ட் ஸ்க்ராட்சி' கார்ட்டூனில், எலி ஒரு பூனையின் விலா எலும்புகளை சைலோஃபோன் போலத் தட்டுகிறது. அடுத்தடுத்து ஒரே எலும்பைத் தட்டியும் வேறு வேறு ஸ்வரம் வந்தது எப்படி? தங்கள் தொடரில் தப்புப் பொறுக்கும் ரசிகர்களைக் கிண்டல் செய்யத்தான் எழுத்தாளர்கள் இந்தக் காட்சியை வைத்தார்கள். எனக்கோ அந்த ரசிகர்மீது மரியாதைதான் வந்தது. கண் பார்த்ததைக் காதால் சரிபார்த்திருக்கிறாரே!

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில், யாரோ மறந்து வைத்த டீ டம்ளர் ஃப்ரேமுக்குள் வந்துவிடலாம். அனிமேஷனில் அப்படி எதுவும் தானாக வந்து உட்காராது. ஒவ்வொரு கோட்டையும் ஒருவர் போட்டிருக்கிறார், ஒவ்வொரு நிறத்தையும் ஒருவர் பூசியிருக்கிறார். ஆகவே இங்கே பிழை என்பது ஒரு கைத்தடம். அது யாருடைய கை என்று கண்டுபிடிப்பதில்தான் ருசி.

சிம்ப்சன்ஸ் பாத்திரமான ஸ்மிதர்ஸ், 1990-ல் முதன்முதலாகத் திரையில் தோன்றியபோது கறுப்புத் தோலும் நீலத் தலைமுடியுமாக இருந்தார். அது நிறம் தீட்டும் பிரிவில் நேர்ந்த தவறு. பிறகு வந்த எபிசோடுகளில் மஞ்சளாகிவிட்டார். குடிகாரர் பார்னியின் தலைமுடி ஆரம்பத்தில் மஞ்சள், பின்னால் பழுப்பு. இது தவறல்ல, முடிவு. தோலும் முடியும் ஒரே நிறமாக இருப்பது சிம்ப்சன் குடும்பத்துக்கு மட்டுமே உரியது என்று தயாரிப்பாளர்கள் பின்னர் தீர்மானித்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிப் பிழைதான். ஒன்று கை தவறியது, மற்றது மனம் மாறியது.

இன்னொரு வகைக்குக் காரணம் ஒளிபரப்பு வரிசை. கதையும் ஸ்டோரிபோர்டும் லாஸ் ஏஞ்சல்ஸில் தயாராகும். அனிமேஷன் வேலை தென்கொரியாவின் சியோலில் நடக்கும். முதலில் தயாரான எபிசோட் திரும்பி வந்தபோது, அதில் பெரும்பகுதியை மறுபடி செய்யவேண்டிய நிலை. அதனால் எட்டாவதாகத் தயாரித்த கிறிஸ்துமஸ் கதை 1989 டிசம்பர் 17 அன்று முதலில் ஒளிபரப்பானது. முதலில் செய்தது 1990 மே மாதம், சீசனின் கடைசியாக வந்தது. ஒளிபரப்பான வரிசையில் பார்ப்பவருக்குக் கடைசியில் ஓவியர்களின் கை சட்டென்று பழையதாகிவிட்டதுபோல் தோன்றும்.

தகவல் பிழைகளிலும் தரம் உண்டு. டைட்டில் காட்சியில் குடும்பத் தலைவர் ஹோமரின் சட்டைக்குள் விழும் கதிரியக்கக் கம்பி பச்சையாக ஒளிரும். அணு உலை எரிபொருள் அப்படி ஒளிர்வதில்லை. தண்ணீருக்கடியில் அதைச் சுற்றித் தெரியும் ஒளி நீலமாக இருக்கும். இது சோம்பலான பிழை. 1998-ல் ஹோமர் கரும்பலகையில் எழுதும் கணக்கோ ரசித்து ரசித்துச் செய்த பிழை. 3987, 4365 ஆகிய இரண்டையும் பன்னிரண்டாம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினால், 4472-இன் பன்னிரண்டாம் அடுக்கு வருமாம். ஃபெர்மாவின் கடைசித் தேற்றப்படி இது நடக்கவே முடியாது. ஆனால் சாதாரண கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் சரி என்றே காட்டும். அப்படி ஏமாற்றும் எண்களை, எழுத்தாளர் டேவிட் எக்ஸ். கோஹன் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தேடிப் பிடித்தார். பிடிபட வழி உண்டு: முதல் இரண்டு எண்களும் மூன்றால் வகுபடும், 4472 வகுபடாது. இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளைக்கு இது போதும்.

காலக்கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை. 1991-ல் வந்த எபிசோட், ஹோமரும் மனைவி மார்ஜும் 1974-ல் பள்ளிக்கூடத்தில் சந்தித்ததாகச் சொன்னது. 2008-ல் வந்த இன்னொன்று, அவர்கள் குழந்தையில்லாத காதலர்களாக இருந்தது 1990-களில் என்றது. மகன் பார்ட்டுக்கு என்றென்றும் பத்து வயதாக இருக்க வேண்டுமென்றால், பெற்றோரின் இளமை நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அது இந்தத் தொடரோடு நாம் செய்துகொண்ட ஒப்பந்தம்.

மன்னிக்க முடியாதது வேறு. 1997-ல் ஒரு கதை, தலைமையாசிரியர் ஸ்கின்னர் உண்மையான ஸ்கின்னரே அல்ல, ஆள்மாறாட்டம் செய்து வந்தவர் என்றது. கடைசியில் நீதிபதி, இதைப் பற்றி இனி யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு போட்டு எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுகிறார். ஸ்கின்னருக்குக் குரல் கொடுத்த ஹாரி ஷியரரே அந்தக் கதையை வெளிப்படையாகக் குறை சொன்னார். முடியின் நிறமோ வருடமோ மாறினால் பாத்திரம் அப்படியே இருக்கிறது. இங்கே அம்மாவுக்கு அடங்கிய அந்த மனிதரோடு நாம் எட்டு சீசன் பழகிய பழக்கமே பொய்யாகிறது.

கன்டினியூட்டி பார்ப்பவர்களைக் குறை காண்பவர்கள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு படைப்பை இத்தனை கவனமாகப் பார்க்கிறவர்கள் வேறு யார்? நீங்களும் பார்க்க நினைத்தால் முதல் சீசனை, ஒளிபரப்பான வரிசையில் அல்லாமல், தயாரித்த வரிசையில் பாருங்கள். பதின்மூன்றே எபிசோடுகள்தான்.