ஐந்து கம்பியும் தோடி ராகமும்

மாண்டலின் வாங்கப் போகிறவர்கள் தோடி ராகத்தின் காந்தாரத்தை அதில் வாசித்துப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். கடையில் ஹம்சத்வனியைத்தான் வாசித்துக் காட்டுவார்கள். அதில் எந்தக் கருவியும் ஓரளவு தேறிவிடும். தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் நிற்காமல் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். அதற்குக் கம்பி விரலோடு வளைய வேண்டும், மீட்டிய ஒலியும் அசைவு முடியும்வரை அணையாமல் இருக்க வேண்டும்.

கலசப்பாக்கத்தில் என் வீட்டில் வைத்து வாசித்துப் பார்த்தது மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வழக்கத்துக்குக் கொண்டுவந்த அமைப்பில், சென்னையில் கைவேலையாகச் செய்த ஐந்து கம்பி மின் மாண்டலின். உள்ளே குடைவில்லாத பலாமர உடல், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒரே ஒரு பிக்கப், ஒலிக்கும் தொனிக்கும் தலா ஒரு திருகு. விலை ஒரு நடுத்தர ஸ்மார்ட்போன் அளவு.

ஸ்ரீநிவாஸின் பெயரைச் சொல்லாமல் இந்தக் கருவியைப் பற்றிப் பேச முடியாது. 1969இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் சென்னை சபா மேடையேறி, 2014இல் சென்னையில் மறைந்தவர். குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், சிறுவன் அதைக் கேட்டுக் கம்பியில் பிடிக்க வேண்டும். மாண்டலினுக்கென்று எழுதிய பாடம் எதுவும் கையில் இல்லை. எட்டிப் பிடிக்க வேண்டியது ஒரு மனிதக் குரலை. வாத்தியத்தின் அமைப்பு மாறியதற்கு இது முக்கியமான காரணம் என்பது என் கணிப்பு.

சாதாரண மாண்டலினில் எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. ஜோடி போட்டதே சத்தத்துக்காகத்தான். ஒலி சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால் பிளெக்ட்ரத்தை மேலும் கீழும் வேகமாக ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். பழைய சினிமாப் பாட்டுகளில் வரும் அந்த நடுங்கும் மாண்டலின் அப்படிப் பிறந்ததுதான். கர்நாடக இசைக்கு அங்கே வழி அடைபடுகிறது. ஜோடிக் கம்பியை விரலால் தள்ளினால் இரண்டும் ஒரே அளவில் ஏறாது, சுருதி பிசிறும். ஆகவே ஒற்றைக் கம்பி. ஒற்றைக் கம்பியில் சத்தம் குறையும், ஆகவே பிக்கப். குடைந்த உடலில் பிக்கப் வைத்து ஒலியைக் கூட்டினால் ஊளையிடும், ஆகவே கெட்டியான உடல். கெட்டி உடலில் கம்பியின் அதிர்வு மரத்துக்குள் போய் வீணாகாமல் நீளும் என்பது கூடுதல் லாபம். ஐந்தாவது கம்பி மந்திர ஸ்தாயிக்கு. ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்த மாற்றங்கள் இவை. மின்சாரத்தை வெறும் சத்தப் பெருக்கி என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

ஒற்றைக் கம்பி மின் மாண்டலினை ஃபெண்டர் நிறுவனம் 1956இலேயே விற்றது, நான்கு கம்பிகளோடு. அவர்கள் மனதில் இருந்தது அமெரிக்க நாட்டுப்புற இசை. ரிமெம்பர் சக்தி குழுவில் ஸ்ரீநிவாஸுடன் வாசித்த கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் வேறு வழியில் போனவர். 1970களில், அதற்கு முன்னோடியான சக்தி குழுவுக்காக அவருக்குச் செய்த கிடாரில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைப் பள்ளமாகச் சுரண்டியிருந்தார்கள், விரல் கம்பியைத் தாராளமாக வளைக்கட்டும் என்று. குறுக்கே ஏழு அனுநாதக் கம்பிகள் வேறு. இன்னொரு கிடார் கலைஞரான பிரசன்னா கிடாரிலேயே கர்நாடக இசையை நிலைநிறுத்தியிருக்கிறார். ஆளுக்கொரு வழி, தேவை ஒன்றுதான்.

இனி கையில் இருப்பதைப் பார்ப்போம். கம்பிகளை ச-ப-ச-ப-ச என்று சேர்த்தேன். அதிரும் கம்பியின் நீளம் 14 அங்குலம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில் இது 25½. இங்கே முதல் மெட்டின் அகலம் 2 செ.மீ., கிடாரில் 3.6. நீளம் குறைவு என்பதால் கம்பியைக் கொஞ்சம் தள்ளினாலே சுருதி சட்டென்று ஏறுகிறது. கிடார் பழகிய விரலுக்கு முதலில் எல்லாமே தாண்டிப் போகும், கை பதப்பட்ட பிறகு அதுவே வசதி. தோடி காந்தாரம் சுத்தமாக வந்தது. ஜாருவும் வழுக்கிக்கொண்டு போகிறது. துரித காலத்தில் மெட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது வரம். மேல் ஸ்தாயியில் அதுவே சாபம்: பதினெட்டாம் மெட்டுக்கு மேல் இடைவெளி 7 மில்லிமீட்டர்தான், என் விரல் இரண்டு மெட்டில் உட்கார்ந்துகொள்கிறது.

ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது? ரத சப்தமி அன்று திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் தீர்த்தவாரிக்கு எங்கள் செய்யாற்றுக்கு வருவார். உடன் வரும் நாகஸ்வரத்தின் நீண்ட ஒலி காதில் தங்கியிருக்கும் ஊரில் மீட்டும் கருவி எதுவும் கொஞ்சம் ஏழையாகத்தான் தெரியும். ஆனாலும் விளம்ப காலத்தில் ஒரே மீட்டில் ஒரு முழு அசைவு முடிகிறது. அது போதும். வீணையின் கீழ்க்கம்பி தரும் கனம் மட்டும் இதில் இல்லை, ஐந்தாவது கம்பி சற்று தொளதொளக்கிறது.

பெரிய குறை இரைச்சல். இதில் இருப்பது ஒற்றைச் சுருள் பிக்கப். கரும்புக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் பக்கத்தில் ஓடினாலோ, எர்த் சரியில்லாத பிளக்கில் செருகினாலோ ஆம்ப்ளிஃபையரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய ஐந்து கட்டை சுருதி, இம்மி ஏற்றம். அந்தச் சுருதியில் பாடுகிறவருக்குத் தம்பூரா செலவு மிச்சம்! மற்றவர்களுக்கு இரட்டைச் சுருள் பிக்கப்தான் தீர்வு. எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களில் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி மட்டும் மிஞ்சும். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் செய்த வேலை அது. செய்பவரிடம் முதலிலேயே கேட்டு வாங்குங்கள். பிறகு மாற்றுவதென்றால் மரத்தைக் குடைய வேண்டியிருக்கும்.

கம்பியின் முனையில் குண்டு இருப்பதால் கிடார் கம்பியே பொருந்துகிறது. மெல்லிய கம்பி அடிக்கடி அறுகிறது, ஊரில் கிடைக்காது. திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ போகும்போது இரண்டு செட் சேர்த்து வாங்கிக்கொள்வது நல்லது.

புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். சின்னக் கைக்கு அடங்கும் கழுத்து. வயலின்போல இடம் தேடித் தவிக்க வேண்டாம், மெட்டு இருக்கிறது. பெரிய கைக்காரர்கள் வாசித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஆம்ப் வாங்கும்போது கிடார்க்காரர்கள் விரும்பும் கரகரப்பான ஒலி உள்ளதை ஒதுக்கிவிட்டு, கீபோர்டுக்கு என்று விற்கும் தெளிவான ரகத்தைக் கேளுங்கள். அதை வாங்குவதற்கு முன் வீட்டு எர்த்தை ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.