இரவல் மாந்தரும் சொந்தக் கதையும்

பொழுதுபோக்காகக் கதை எழுதுவோருள் இரு சாராரைக் காண்கிறோம். தாம் படித்து உருகிய நாவலின் மாந்தரையே எடுத்து, அவர்களுக்குப் புதிய நிகழ்ச்சிகளைப் புனைவோர் ஒரு சாரார். இதனை ரசிகர் புனைகதை என்பர். பெயர், ஊர், உறவு அனைத்தையும் தாமே படைப்போர் மறு சாரார். முன்னவர் செய்வது வெறும் நகல் என்று வீட்டாரும் ஆசிரியரும் எளிதில் தள்ளிவிடுகின்றனர். அத்தீர்ப்பு நேர்மையானதுதானா?

1826-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹாவொர்த் என்னும் சிற்றூரில், ஆங்கிலிக்கன் சபைக் குருவான பேட்ரிக் பிராண்டே தம் மகனுக்கு மரத்தாலான பொம்மைப் படைவீரர்களை வாங்கி வந்தார். தாயையும் மூத்த சகோதரியர் இருவரையும் இழந்திருந்த நான்கு பிள்ளைகள் ஆளுக்கொரு வீரனை எடுத்துக்கொண்டனர். பத்து வயதுச் சார்லட் தன் வீரனுக்கு வெலிங்டன் கோமகனின் பெயரைச் சூட்டினாள். தம்பி பிரான்வெல் தன்னுடையவனை நெப்போலியன் ஆக்கினான். அவ்விளையாட்டு எழுத்தாக வளர்ந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு நூல்களில், அச்சையொத்த நுண்ணெழுத்தில், வெலிங்டனின் புதல்வரைத் தலைமை மாந்தராகக் கொண்டு கதைகள் பிறந்தன. பின்னர் அங்கிரியா என்னும் கற்பனை நாடும் எழுந்தது. இருபது வயதைக் கடந்த பின்னும் சார்லட் அந்நாட்டைவிட்டு வெளியேறவில்லை. ஏறத்தாழ 1839-இல்தான் அதற்கு விடைகூறி எழுதினார். 1847-இல் 'ஜேன் அயர்' வெளிவந்தது.

இரவல் மாந்தர் அவருக்கு என்ன தந்தனர்? உரையாடலை நடத்தும் பழக்கத்தையும், ஒரு பாத்திரத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நோக்கும் பொறுமையையும் தந்தனர். ஆனால் ஒன்றைத் தரவில்லை. கோமகன்களின் புகழ் ஏற்கெனவே ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதைச் சார்லட் தம் உழைப்பால் ஈட்ட வேண்டியிருக்கவில்லை. அழகோ செல்வமோ இல்லாத ஓர் ஆசிரியையைக் கதைத்தலைவியாக்கியபோதுதான், வாசகரின் அன்பை ஒவ்வொரு பக்கத்திலும் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு நேர்ந்தது. அவருடைய மேன்மை அங்கேதான் தொடங்குகிறது.

இதைக் கொண்டு, இரவல் என்பது கடந்து போகவேண்டிய பள்ளிப்பருவம் மட்டுமே என்று முடிவுகட்டலாமா? அதுவும் இயலாது. அதே 'ஜேன் அயர்' நாவலில், மாடியறையில் அடைக்கப்பட்ட பித்துப்பிடித்த மனைவி ஒருத்தி உண்டு. மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்தவள். தன் கதையைச் சொல்ல அவளுக்கு நாவல் முழுவதிலும் இடமே இல்லை. கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ், 1966-இல் வெளியான 'வைட் சர்காசோ சீ' என்னும் நாவலில் அவளுக்கு இளமைப் பருவத்தையும் துயரத்தையும் குரலையும் கொடுத்தார். இது மூலநூலின் இனிமையை நீட்டித்துச் சுவைக்கும் முயற்சியன்று. மூலநூலிடம் நியாயம் கேட்கும் வழக்கு.

நம் மொழிக்கும் இது புதிதன்று. 1943-இல் 'சாப விமோசனம்' எழுதிய புதுமைப்பித்தன், அகலிகையையும் சீதையையும் சந்திக்கச் செய்தார். சீதை தீக்குளித்ததைக் கேட்டறிந்த அகலிகை மீண்டும் கல்லாகிறாள். அவருக்கும் முன்னரே, நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாத சூசையப்பரைத் தலைவராக்கி, வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். பழைய கதையின் மௌனத்தில் காதை வைத்துக் கேட்டவர்கள் இவர்கள்.

ஆகவே, மாந்தர் யாருடையவர் என்பது முதன்மையான வினாவாகாது. மூலம் சொல்லாமல் விட்டது எது, அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்பதே வினா. இவ்வினா இல்லாத ரசிகர் கதை, உண்ட இனிப்பையே மறுபடி உண்பதாகும். மறுபுறம், தாமே பெயரிட்டதால் மட்டும் கதை சொந்தமாகிவிடாது. தொலைக்காட்சித் தொடரில் கண்ட மாமியாருக்கும் திரைப்படத்தில் கண்ட தியாகத்திற்கும் வேறு பெயர் சூட்டி, 'என் கற்பனை' என்று கையொப்பமிடுவோர் எத்தனை பேர்! அவர்களைவிட, 'இம்மாந்தர் இன்னாருடையவர்' என்று முதற்பக்கத்திலேயே ஒப்புக்கொள்ளும் ரசிகர் நேர்மையாளர். ஆனால் அந்நேர்மைக்கு ஓர் எல்லையும் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நிலைக்கிறது. பிறர் உழைப்பை இசைவின்றி விலையாக்குவது பொழுதுபோக்காகாது.

நம் வீட்டுப் பிள்ளை, தான் விரும்பும் கதைத்தலைவனைக் கொண்டு குறிப்பேட்டை நிரப்பினால், அதைப் பிடுங்க வேண்டாம். 'அந்தக் கதையில் யாருக்குப் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை?' என்று மட்டும் கேட்போம். விடை தேடத் தொடங்கும் நாளில் அப்பிள்ளை எழுத்தாளராகத் தொடங்கிவிட்டது. இரவல் மாந்தரோடு அது தங்கினாலும், சொந்த மாந்தரைத் தேடிப் புறப்பட்டாலும் நமக்கு மகிழ்ச்சியே.