ரயிலுக்கு என்றைக்கு லீவு?

ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் ரயில் கால அட்டவணை ஒன்றை எழுதிப் போட்டுவிட்டு, “வென் டஸ் த டிரெயின் லீவ் அரக்கோணம்?” என்று கேட்டேன். “ஞாயித்துக்கிழமை சார்!” என்றான் கடைசி பெஞ்சுப் பையன். ரயிலுக்கு என்றைக்கு லீவு என்று கேட்பதாக நினைத்துக்கொண்டான். சிரிப்பு அடங்கியதும், பொருள் சொல்லாமல், அட்டவணையில் புறப்படும் நேரத்தின் மேல் விரலை வைத்து அதே கேள்வியைக் கேட்டேன். “ஓ... சிக்ஸ் ஃபார்ட்டி.”

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்ப் பள்ளிகளில் ஆங்கிலக் கல்வியாளர் என். எஸ். பிரபு நடத்திப் பார்த்த ‘பெங்களூர் திட்டம்’ காட்டிய வழி. “திஸ் இஸ் எ பென்” என்று வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக உருப்போட வைத்த காலத்தில் அவர் இலக்கணப் பாடத்திட்டத்தையே எடுத்துவிட்டார். மனம் ஒரு கணக்கை அவிழ்ப்பதில் மூழ்கியிருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. முதலில் ஒரு புதிரை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து வாய்விட்டு அவிழ்ப்பார். அதைப் போன்ற இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியே செய்வார்கள். மதிப்பெண் விடைக்கு மட்டும்.

இதன் பலம் அந்த முதல் பாதியில்தான் இருக்கிறது. “எந்த ரயிலில் போனால் பத்து மணிக் கல்யாணத்துக்குப் போய்ச் சேரலாம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டால், விடை தெரிந்தே ஆகவேண்டிய பிள்ளை கேள்வியை உண்மையாகவே காதில் வாங்குகிறது. புரியவில்லை என்றால் ஆசிரியர் வேறு சொற்களில் கேட்கிறார், உடைத்துக் கேட்கிறார். இப்படி ஒரு பாடவேளையில் காதில் விழும் பொருளுள்ள ஆங்கிலம், ஒரு மாதக் கோனார் உரையில் கிடைக்காது.

பலவீனமும் அதே இடத்திலிருந்துதான் முளைக்கிறது. “சிக்ஸ் ஃபார்ட்டி” என்றதும் வேலை முடிந்தது. விடை சரி. முழு வாக்கியம் பேச அவனுக்கு என்ன தேவை? ஐந்து வருடம் இப்படியே ஒற்றைச் சொல்லில் தப்பித்துக்கொள்ளலாம். குழுவாகப் பேசவிட்டாலாவது வாய் திறக்கும். பிரபு அதையும் ஒதுக்கினார். ஒருவர் பிழை மற்றவருக்குத் தொற்றி ஊறிவிடும் என்ற அச்சம். நாற்பத்தைந்து பேரைக் குழுவாக உட்கார வைத்தால் ஐந்தாவது நிமிடம் எல்லாம் தமிழாகிவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பிழை பிள்ளைகளிடமிருந்து மட்டுமா தொற்றுகிறது? வகுப்பில் உரக்கப் பேசுகிறவர்கள் நாங்கள்தானே!

இந்தத் திட்டத்தைப் பற்றி 1985இல் ஆய்வாளர்கள் பெரெட்டாவும் டேவிஸும் வெளியிட்ட மதிப்பீட்டில், வாக்கிய அமைப்புத் தேர்வில் வழக்கமான வகுப்புகளும், புதிர்த் தேர்வில் திட்ட வகுப்புகளும் முந்தின. அவரவர் படித்ததில் அவரவர் கெட்டி. பொதுவான தேர்வுகளில் திட்டப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஆதாயம் தெரிந்தது. ஆனால் அந்த வகுப்புகளை எடுத்தவர்களில் தேர்ந்த கைகள் அதிகம். வென்றது முறையா, ஆசிரியரா என்று அந்த எண்களை வைத்துப் பிரிக்க முடியாது. பாடநூலைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஆசிரியர், கேள்வியை அந்த நொடியில் மாற்றிக் கேட்கும் அளவுக்கு ஆங்கிலம் வைத்திருக்க வேண்டும். இந்த முறை கேட்கும் விலை அது. அதைப் பயிற்சி முகாமில் மூன்று நாளில் கொடுத்துவிட முடியாது.

இந்த முறைக்கு நான் ஒரு வால் ஒட்டிக்கொண்டேன். விடை வந்ததும், “எந்த ரயிலில் வரவேண்டும் என்று மாமாவுக்கு இரண்டு வரி எழுது” என்பேன். லீவுப் பையன் எழுதினான்: “மாமா கம் சிக்ஸ் ஃபார்ட்டி டிரெயின். நோ லேட்.” மாமாவுக்குப் புரியும். ஆனாலும் “டோன்ட் பி லேட்” என்று பலகையில் எழுதி, ஐந்து நிமிடம் அதிலேயே நின்றேன். பிரபுவின் திட்டத்தில் அந்த ஐந்து நிமிடத்துக்கு இடமில்லை.