காலம் தேய்த்த சொற்கள்

'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலில் வரும் இடப்பெயர்களைச் சற்றே கூர்ந்து நோக்குகிற வாசகர், 'அமோன் ஹென்' என்பது ஒரு தனிக் குன்றின் பெயராகவும், 'எமின் முயில்' என்பது குன்றுகள் பலவற்றின் பெயராகவும் நிற்பதைக் காண்பார். அவ்வாறே 'ஓரோட்ருயின்' என்பது ஒரே மலை, 'எரெட் லூயின்' என்பது மலைத்தொடர். கதையினூடே யாரும் வாசகருக்கு இலக்கணம் நடத்துவதில்லை. ஆயினும் அமோன் என்ற ஒருமையே எமின் என்றும், ஓரோட் என்பதே எரெட் என்றும் பன்மையாகத் திரிந்திருப்பதை, படிக்கப் படிக்க, செவி தானாகவே உணர்ந்து கொள்கிறது. பன்மை காட்ட இங்கே விகுதி எதுவும் சேரவில்லை. சொல்லின் உள்ளிருந்த உயிரெழுத்தே மாறியிருக்கிறது. ஏதோ ஒரு புராதன காலத்தில் அச்சொற்களின் இறுதியில் 'ஈ' என்றொரு பன்மை விகுதி நின்றதென்றும், அது தனக்கு முன்னிருந்த உயிர்களையெல்லாம் தன் ஓசையின் பக்கமாக இழுத்து வளைத்துவிட்டுப் பின்னர்த் தான் தேய்ந்து மறைந்ததென்றும் அந்த மாறுதலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரம் எந்த தேசத்திலும் நிகழ்ந்ததன்று. முழுவதும் ஒருவருடைய கற்பனையில் விளைந்தது.

அவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973). ஆக்ஸ்ஃபோர்டு சர்வகலாசாலையில் 1925 முதல் 1959 வரை, முதலில் ஆங்கிலோ-சாக்ஸன் பாஷைக்கும் பின்பு ஆங்கில மொழிக்கும் இலக்கியத்துக்கும் பேராசிரியராக விளங்கியவர். எல்ஃப் என்னும் அமர ஜாதியாரின் கதைகளுக்காகத் தாம் பாஷைகளைப் படைக்கவில்லை, பாஷைகள் வாழ்வதற்கு ஓர் உலகம் வேண்டுமென்றே கதைகளைப் படைத்தேன் என்ற கருத்தை அவரே வெளியிட்டிருக்கிறார். அதை வெறும் சாதுரியப் பேச்சாகக் கொள்வதற்கில்லை. அவருடைய குவென்யா மொழி 1915-ஐ ஒட்டியே உருக்கொள்ளத் தொடங்கிவிட்டது, 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' அச்சேறியதோ 1954-லும் 1955-லும்.

மாணவப் பருவத்தில் எக்ஸிடர் கல்லூரி நூலகத்தில் ஃபின்னிஷ் மொழியின் இலக்கணம் ஒன்று அவர் கைக்கு அகப்பட்டது. அதன் ஓசையில் அவர் கொண்ட மோகம் குவென்யாவின் ஒவ்வோர் அசையிலும் ஒலிக்கிறது. 'கிர்யா' என்றால் கப்பல். 'கிர்யன்னா' என்றால் கப்பலை நோக்கி, 'கிர்யல்லோ' என்றால் கப்பலிலிருந்து, 'கிர்யஸ்ஸே' என்றால் கப்பலில். உருபு ஏறும் இடத்திலெல்லாம் ஒரு மெய் இரட்டித்து, நாவை அரைக்கணம் அங்கே தங்கவைத்து, அப்பால் ஓர் உயிரில் விடுவதைச் சொல்லிப் பார்த்துத்தான் அநுபவிக்க வேண்டும். ஃபின்னிஷ் மொழியில் 'இல்' என்னும் பொருள் தரும் உருபு 'ஸ்ஸா' என்று அறிந்தவருக்கு, இந்த 'ஸ்ஸே' எந்தச் சுனையிலிருந்து ஊறியது என்பது விளங்கும். எனினும் அது நகல் அன்று, ஒரு சாயல் மட்டுமே.

இதனினும் நுட்பம் எழுத்துகளின் வரையறையில் இருக்கிறது. குவென்யாச் சொல் உயிரில் முடியும். மெய்யில் முடிந்தால் ந, ர, ல, ஸ, த என்னும் ஓசைகளிலேயே முடியும். பந்து, அம்பு என்னும் சொற்களில் நாம் ஒலிக்கிற கனிந்த தகரமும் பகரமும் அம்மொழியில் தனித்து வாரா. மெல்லினத்தையோ ல, ர ஓசைகளையோ அடுத்தே வரும். மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று இலக்கணம் பயின்ற தமிழ்ச் செவிக்கு இந்தக் கட்டுப்பாடு அந்நியமாகத் தோன்றாது. ஒரு பாஷையின் மாதுர்யம் அது ஏற்கிற ஓசைகளில் பாதி என்றால், அது விலக்குகிற ஓசைகளில் மறு பாதி என்பதை டோல்கீன் நன்றாக அறிந்திருந்தார்.

மற்றொரு மொழியான சிந்தாரினுக்கு உந்துதலாக நின்றது வெல்ஷ். சிறு வயதில் நிலக்கரி ஏற்றிச் சென்ற ரயில் வண்டிகளின்மேல் எழுதியிருந்த வெல்ஷ் பெயர்கள் அவர் மனத்தைக் கவர்ந்தன. சிந்தாரினில் பச்சைக்குச் சொல் 'கலென்'. 'கலென்ஹட்' என்ற குன்றின் பெயரில் அதன் முதலெழுத்து 'கண்' என்பதன் ககரம்போல் வன்மையாக ஒலிக்கும். 'பார்த் கலென்' என்ற பசும்புல் வெளியின் பெயரில், முன்னே ஒரு பெயர்ச்சொல் நிற்பதால், அதே எழுத்து 'தங்கம்' என்பதன் ககரம்போல் மெலிந்துவிடும். பச்சைக்கிளி என்று நாம் புணர்ச்சியில் வல்லினத்தை மிகுவிக்கிறோம். சிந்தாரின் அதே சந்தியில் வன்மையைக் கரைக்கிறது. அம்மொழியில் எழுதிய எதையும் உரக்கப் படித்தால் நீரோட்டம் போன்றதொரு தன்மை தோன்றுவதற்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்று மக்கள். மூல பாஷையின் 'க்வ' என்னும் ஒலி குவென்யாவில் அவ்வாறே நிற்க, சிந்தாரினில் பகரமாகி, சில இடங்களில் அதனினும் மெலிந்தது. ஆகையால் அன்னப்பறவை அங்கே 'அல்க்வா', இங்கே 'அல்ஃப்'. நான்கு என்பதற்கு லத்தீனில் 'க்வாட்டுவோர்' என்றும் வெல்ஷில் 'பெட்வார்' என்றும் வழங்குவதும் இத்தகைய உறவே. 1887-ல் ஸாமென்ஹாஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோவில் விதிவிலக்குகள் களையப்பட்டிருக்கின்றன. எல்லா தேசத்தாரும் எளிதில் கற்க வேண்டுமென்ற உயரிய நோக்கத்துக்கு அது தக்கதே. டோல்கீனோ விதிவிலக்குகளை வேண்டுமென்றே விளைவித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வ காரணத்தையும் வகுத்தார். ரசிகன் என்ற முறையில் என் மனம் இவர் பக்கமே சாய்கிறது.

லிபியிலும் இந்தக் கவனம் தெரிகிறது. 'டெங்வார்' என்னும் எழுத்துமுறையில் உயிர்க்குறிகள் மெய்யெழுத்துகளின்மேல் ஏறுகின்றன. பெரும்பாலும் உயிரில் முடியும் குவென்யாவை எழுதுகையில் அக்குறி முந்திய மெய்யின்மேலும், பெரும்பாலும் மெய்யில் முடியும் சிந்தாரினை எழுதுகையில் பிந்திய மெய்யின்மேலும் அமரும்.

அன்னத்தின் பெயரைத் தாங்கிய துறைமுகம் ஒன்று அவருடைய புராணத்தில் உண்டு, அது அல்க்வலோண்டே. அங்கே கப்பல்களுக்காக எல்ஃப் குலத்தார் தம் இனத்தாரையே கொன்றனர். கொல்லப்பட்டவர்களின் உறவினனான திங்கோல் என்னும் அரசன், அச்செய்தி கேட்டது முதல், கொன்றவர்களின் பாஷையான குவென்யாவைத் தன் நாட்டில் யாரும் பேசலாகாதென விலக்கினான். அன்றுமுதல் வீட்டிலும் வீதியிலும் சிந்தாரினே வழங்க, குவென்யா கல்விக்கும் சடங்குக்கும் உரியதாயிற்று. யுகங்கள் கழிந்து அரகோர்ன் முடிசூடும் வேளையில், தன் முன்னோனாகிய எலெண்டில் கரையேறியபோது மொழிந்த வாக்கியத்தை குவென்யாவிலேயே சொல்கிறான். கடலிலிருந்து வந்தேன் என்று தொடங்கும் அந்த வாக்கியத்தில் கடல் என்னும் பெயர் ஏற்று நிற்பது, நாம் மேலே கண்ட அதே 'ல்லோ' உருபு.